தேங்காய் பன்னில் ஓர் ஈ

“ஏனுங்க அம்மணி, இது என்ன ஈன்னு பாத்துச் சொல்லோணுங்க.”

பீளமேட்டுக் கல்லூரியின் பூச்சியியல் அறையில், உட்காரச் சொல்லியும் உட்காராமல் செல்போனை நீட்டினார் தனபால். அன்னூர் ரோட்டில் பேக்கரி வைத்திருப்பவர்.

பேராசிரியை நித்யஸ்ரீ படத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். “பன்னுல இருக்கற டூட்டி ஃப்ரூட்டி வரைக்கும் தெளிவா இருக்குதுங்கண்ணா. ஈ மட்டும் புகையாட்டம் தெரியுது. வேற படம் இல்லீங்களா?”

“இன்னும் ரெண்டு இருக்குதுங்க. புகார் குடுத்தவரு எடுத்ததுங்க. ஊட்டுக்கு வாங்கிட்டுப் போயி தேங்காய் பன்னைப் பிச்சா உள்ள ஈ கெடந்துச்சாமா. நாளைக்கு உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வாராருங்க. கடையைப் பூட்டிப்போடுவாங்களோன்னு எனக்குச் சோறே எறங்கலீங்க.”

மூன்றாவது படம் தேறியது. அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியதும் நித்யஸ்ரீக்கு உற்சாகம் வந்துவிட்டது. எட்டு வருடமாக ஈக்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள்.

“இங்க பாருங்க. உடம்பு பூரா ரோமம். இறக்கை அரச இலையாட்டம் அகலம். ஓரத்துல வரிசையா வெள்ளைப் புள்ளி. சந்தேகமே இல்லீங்க, பாத்ரூம் ஈ!”

“அப்ப என்ற கடை ஈ இல்லீங்களா?”

“உங்க கடையில பாத்ரூம் இருக்குதுங்களா?”

“எங்கீங்க! அவசரம்னா எதுத்தாப்புல பெட்ரோல் பங்குக்குத்தான் ஓடுவோம்.”

“பின்னென்ன! பன்னோட சேந்து வெந்திருந்தா இத்தனை ரோமம் மிஞ்சுமா? கருகிப்போயிருக்கும். இது பன்னைப் பிச்சதுக்கப்புறம் வந்து உக்காந்த ஈ. அவங்க வீட்டு ஈயேதான்.”

தனபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. “இது எப்படிங்க ஊட்டுக்குள்ள வரும்?”

“பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டைக்குள்ள வழவழன்னு அழுக்குப் படிஞ்சு கெடக்கும் பாருங்க, அதுலதான் முட்டை வெக்கும். மாசக்கணக்கா யாரும் தேச்சுக் கழுவியிருக்க மாட்டாங்க. என்ன குடித்தனம் பண்றாங்களோ! இந்த லட்சணத்துல அடுத்தவங்க மேல புகார் வேற!”

“இதையெல்லாம் அப்படியே எழுதித் தருவீங்களா அம்மணி? அந்த ஊட்டுச் சுத்தத்தையும் சேத்துங்க.”

“அதைத்தானுங்க மொதல்ல எழுதணும்!”

ரோமம், இறக்கை, புள்ளி, கழுவாத பாத்ரூம் என்று எதையும் விடாமல் ஒரு பக்கத்துக்கு அடித்தாள். தனபால் கேட்டபடியே இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, துறையின் முத்திரையையும் அழுத்திக் குத்தினாள்.

“எதுக்குங்கண்ணா ரெண்டு?”

தனபால் ஒன்றை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். மற்றதை இரண்டு கையாலும் பணிவாக அவளிடமே நீட்டினார்.

“ஒண்ணு ஆபீசருக்குங்க. இன்னொண்ணை உங்க ஊட்டுக்காரருகிட்டக் குடுத்துருங்க அம்மணி... புகார் குடுத்தது அவருதானுங்க.”