புதுத் தராசு

“தராசைத் தூக்கி ஒங்ககிட்ட குடுத்துட்டு நான் என்னத்த வச்சு நிறுக்கிறது? போங்க டீச்சர்!”

ஆலங்குடி கடலை மண்டி ரெங்கசாமி வெடுக்கென்று சொன்னதும் அன்புச்செல்வி டீச்சருக்கு முகம் சுண்டிப்போச்சு. ஒரு பீரியடுக்குக் கேட்டதுக்கு இந்தப் பேச்சா!

பள்ளிக்கூடத் தராசு ரிப்பேர். வேதிவினையில் எதுவும் காணாமப் போகாது, மொத்த எடை மாறாது என்று அவர் சொன்னதுக்கு வகுப்பே சிரித்திருந்தது. “நாளைக்குக் கண்ணால பாருங்கடா” என்று வீறாப்பாகச் சொல்லியாச்சு. வெறுங்கையோடு போனால் ஒரு பிள்ளையும் நம்பாது.

மறுநாள் காலை வகுப்பு வாசலில் ரெங்கசாமி! கையில் கவர்கூடப் பிரிக்காத புதுத் தராசு.

“மனசு கேக்கல டீச்சர். புதுக்கோட்டைக்கு ஆள் விட்டு வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்கே வச்சுக்கங்க.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுசனையா மனசுக்குள்ள திட்டித் தீர்த்தோம்!

“எதுக்குண்ணே செலவு? கடையில இருக்கிற பழசே போதுமே.”

“அய்யய்யோ, அது இதுக்குச் சரிப்படாது டீச்சர்” என்றார் அவசரமாக.

நாற்காலி போட்டு உட்கார வைத்தார் டீச்சர். பாட்டிலில் எலுமிச்சைச் சாறு, பலூனுக்குள் ஆப்பச்சோடா. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டி நிறுத்தார். பிறகு பலூனைத் தூக்கிப் பிடிக்க, சோடா உள்ளே கொட்டி, நுரை பொங்கி, பலூன் உப்பியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

மறுபடி நிறுத்தார். அதே எடை!

“பாத்தீங்களா? வாயைக் கட்டிட்டா உள்ள இருக்கிறது எங்கிட்டும் போகாது!”

ஒரே கைதட்டல். ஹெச்.எம். வந்து ரெங்கசாமிக்குத் துண்டு போர்த்தினார்.

“பிரகதீஸ்வரி, அய்யாவுக்கு நன்றி சொல்லும்மா” என்றார் டீச்சர்.

எழுந்து கும்பிட்டாள் அந்தப் பிள்ளை. “தராசு குடுத்த அய்யாவுக்கு எங்க எல்லாரோட நன்றி. ஒரே ஒரு சந்தேகம் டீச்சர். எங்கப்பா கடலையை வீட்டுல நிறுத்து, மூட்டை வாயைத் தச்சுத்தான் அய்யா கடைக்குக் கொண்டு போறாரு. அங்க நிறுத்தா எப்பவும் ரெண்டு கிலோ கொறையுதே, அது எங்கிட்டு டீச்சர் போகுது?”

டீச்சர் ரெங்கசாமி பக்கம் திரும்பினார். ரெங்கசாமி போர்த்திய துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இனிமே போகாது தாயி” என்றார், தலை நிமிராமல்.