டீயில் நனைத்த ரஸ்க்

ரெஜினா ரஸ்க்கை டீயில் முக்கி, மகனுக்கு ஒரு வாய், நாய்க்கு ஒரு வாய் என்று மாற்றி மாற்றி ஊட்டிக்கொண்டிருந்தாள். பையனுக்கு முன்பல்லெல்லாம் கறுத்துவிட்டது. நாய்க்கோ உடம்பு பெருத்து, எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. இன்றைக்குச் சொல்லியே தீருவது என்றுதான் தேன்மொழி வந்திருந்தாள்.

“சோறு திங்க மாட்டானாடி இவன்?”

“அழறான்டி. யார் அழுதாலும் எனக்குத் தாங்காது. உனக்குத் தெரியாததா?”

“நாய்?”

“அதுவும்தான்.”

தெரியும். தேன்மொழியின் அப்பா இறந்த செய்தி கல்லூரி விடுதிக்கு வந்த அன்று, ஊரிலிருந்து ஆள் வரும்வரை, ரெஜினா ஒரு வார்த்தை பேசாமல் இப்படித்தான் அவளுக்கு முக்கி முக்கி ஊட்டினாள். கண்ணீரின் உப்புக் கலந்த அந்தத் தித்திப்பு, அப்புறம் எந்த விருந்திலும் தேன்மொழிக்குக் கிடைக்கவில்லை.

“ரெஜினா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே...” அதற்குள் குரல் கம்மிவிட்டது.

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். புது ரஸ்க் ஒன்றை முக்கி, சொட்டாமல் அடியில் கையை ஏந்தி, அவள் வாயருகே நீட்டினாள்.

பையனும் நாயும் தேன்மொழியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.