விடுதிக்குப் போகிற சாமான்

"சோத்துப் பீங்கான் ஒண்டு போதும். மத்தத வெளிய எடுங்க உம்மா."

பின் சீட்டிலிருந்து அதட்டல் கேட்டதும் ஜவுபர் ஓட்டோக் கண்ணாடியில் பார்த்தார். வாளி, தலகணி, நுளம்பு வலை, ஒரு பெரிய சூட்கேஸ். இத்தனைக்கும் நடுவில் தாயும் மகளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கல்முனை பஸாரில் அவர்கள் ஏறும்போதே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மகளுக்குக் கெம்பஸில், பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்திருக்கிறது. இன்றைக்கு விடுதியில் சேர்கிற நாள். தாய் கொண்டுபோய் விடப் போகிறாள்.

மகளுக்கு இருபது, இருபத்தொரு வயதிருக்கும். கையில் ஒரு பட்டியல். அதை வைத்துக்கொண்டு தாயைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

"ரெண்டு பீங்கான் இரிந்தா என்ன ஹிமாயா? அறையில இரிக்கிற மத்தப் புள்ளைக்கும் ஒதவும்."

"அந்தப் புள்ள தன்ட சாமான் கொண்டு வரும். ஆமைப்பூட்டு எங்க?"

"மேசையில வெச்ச மாதிரி..."

"போச்சு! அல்மாரிக்குப் பூட்டு வேணும் எண்டு எத்தின தரம் செல்லினன்! மாமா, அந்தக் கடையடியில ஒருக்கா நிப்பாட்டுங்க."

சாய்ந்தமருதில் நிறுத்தினார். மகள் இறங்கி ஓடினாள்.

"புள்ள நல்லாத்தான் வெரட்டுறா தங்கச்சி" என்றார் ஜவுபர்.

"அவ அப்பிடித்தான் காக்கா. நல்ல புள்ள" என்றாள் தாய். கண் கலங்கியிருந்தது.

மகள் பூட்டோடும் உடுப்புக் காயப்போடக் கயிறோடும் வந்து ஏறினாள். ஏறியதும் அடுத்த பை அகப்பட்டது.

"இதென்ன பாரம்? அல்லாஹ்! அரிசியா?"

"அஞ்சு கிலோதான் மகள்."

"விடுதியில சமைக்க உட மாட்டாங்க உம்மா. கென்டீன் இரிக்கு."

"கென்டீன் சோறு ஒத்துக்காட்டி?"

"ஒத்துக்கும். எல்லாரும் அதத் திண்டுதான் படிக்கிறாங்க. இது வீட்ட திரும்பி வருது."

அரிசிப் பை காலடிக்குப் போனது. ஒரு சீலையும் இரண்டு போர்வையும் அதன் மேல் விழுந்தன. தாய் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

நிந்தவூரைத் தாண்டும்போது அவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"மாசிச் சம்பல் போத்தல உட்டுட்டு வந்துட்டம் மகள். திரும்புவமா?"

"ஏலா."

"கனக்கத் தூரம் வரல்லதானே..."

"ஏலா எண்டா ஏலா! மூணு மணிக்கு முந்திப் பதியணும். சும்மா கதைக்காம வாங்க உம்மா!"

தாய் முகத்தைத் திருப்பி, முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அதற்கு மேல் ஜவுபரால் பொறுக்க முடியவில்லை.

"நான் வெளியாள், செல்லப்படா. ஆனாலும் வாய மூடிக்கிட்டு இரிக்க ஏலாமக் கிடக்கு மகள். கெம்பஸ் கிடைச்சா தலையில கொம்பு முளைச்சிடுமா? பெத்த தாய் ஆசையில நாலு சாமான் எடுத்து வெச்சதுக்கு இவ்வளவு ஏச்சா?"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாய் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். நறுக்கென்று கேட்டுவிட்ட திருப்தியில் ஜவுபர் ஓட்டோவை விரட்டினார்.

விடுதி வாசலில் நிற்கும்போது மணி இரண்டே முக்கால்.

"மாணவி மட்டும்தான் உள்ள போகலாம். கூட வந்தாக்கள் இங்கினயே நில்லுங்க" என்றான் காவலாளி.

ஜவுபர் சாமான்களை இறக்கி வைத்தார். மகள் சூட்கேஸை இழுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். தாயின் முக்காட்டைச் சரிசெய்தாள். தன் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தாயின் கையில் வைத்தாள்.

"போங்க உம்மா."

காவலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாணவி ஆரு?"

"நான்தான் மகன்" என்றாள் தாய். கடிதத்தை அவனிடம் நீட்டிச் சொன்னாள்: "றுகையா. முதலாம் வருசம்."

காவலாளி கடிதத்தை வாசித்தான். கதிரையை விட்டு எழும்பி, பதிவுப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

கையெழுத்துப் போட்டாள். ஒரு கையில் சூட்கேஸ், மற்றக் கையில் வலையும் தலகணியும் திணித்த வாளி. முதல் பத்து அடி தயங்கித் தயங்கி நடந்தாள். பிறகு நடை விரைந்தது. படியில் ஏறித் திரும்பினாள். கையசைக்கக் கை இல்லை. வாளியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது.

ஜவுபருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"மன்னிச்சிக்க மகள். நான் நினைச்சது வேற..."

"பரவால்ல மாமா. ஏசாட்டி அவங்க வந்திரிக்கவே மாட்டாங்க. மூணு கிழமையாப் போக மாட்டன் எண்டு ஒரே பிடி. போத்தல உட்டுட்டு வந்ததும் வேணுமெண்டுதான்."

"ஏன் மகள்? இந்த வயசில படிக்க வெக்கமா?"

"அது இல்ல மாமா. நாங்க ரெண்டு பேரும் ஒண்டாத்தான் ஏ.எல் சோதின எழுதின. அவங்களுக்குக் கிடைச்சிட்டு, எனக்குக் கிடைக்கல்ல." ஹிமாயா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். "கெதியா எடுங்க, போய்ப் படிக்கணும். அடுத்த முற நான் இந்தக் கேட்டுக்குள்ள போகக்குள்ள, உம்மா எனக்கு சீனியர்!"