தானாய் அணையும் விளக்கு

அந்தி சாய்ந்ததும் மெழுகுவத்தி மறுபடி அணைந்தது.

ஜன்னல் எல்லாம் அடைப்பு. சொட்டுக் காற்று இல்லை. கிட்டே யாரும் போகவும் இல்லை. நடுத்தூணில் பாதி எரிந்திருந்த மெழுகுவத்தி, யாரோ கிள்ளியதுபோல் பொசுக்கென்று போனது.

மாரிகுப்பம் பிளேக் கொட்டகையில் கிடந்தவர்கள் எல்லாரும் சுரங்கத்து ஆட்கள். ஷாஃப்டுக் குழிக்குள் வெளக்கு தானாக அணைந்தால் காத்து கெட்டுப்போச்சு, நின்றவன் செத்தான் என்று அர்த்தம். எழுந்திரிக்க முடியாதவன்கூட எழுந்தான்.

"தொறங்கடா, ஜன்னலத் தொறங்க."

ஜன்னலில் அடித்திருந்த சாக்கைக் கிழித்தார்கள். அண்ணனுக்குத் துணையாக வந்திருந்த சம்பங்கியும் கிழித்தான். காலையில் அதை ஆணி வைத்து அடித்தவனே அவன்தான். பிளேக் காத்துல ஏறி வருதுன்னு ஊரே சொல்லுது. அண்ணன் கோவிந்தன் நெறிகட்டிக் கிடக்கிறான். வேறென்ன செய்வான்?

பக்கத்துக் கட்டில் ஏனோக் முனகினார். "தெனமும் இதே கதை. நம்மளப் பாத்துக்கற அந்த ஆயா ஏத்தினாத்தான் அணையுது. கவனிச்சியா நைனா?"

"இன்னா சொல்றீங்க மாமா?"

"சூனியம். அவ ஏத்தற வெளக்கு ஆளைக் கேக்குது. நேத்து அணைஞ்சுது, வெடியறதுக்குள்ள கடைசிக் கட்டில் காலி. இன்னிக்கு உங்க அண்ணன் மூச்சைப் பாரு."

கோவிந்தனுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

சம்பங்கி ஒரு விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

ஆயா ரத்தினம்மா சமையல் கூரைக்கடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் மெழுகுவத்திகள். ஒன்றை நடுவில் அறுத்தாள். அறுத்த இடத்தில் ஊசியால் கிளறி, திரியைக் கொஞ்சம் பிடுங்கிப் போட்டாள். இரண்டு துண்டையும் அனலில் காட்டி ஒட்டி, ஒட்டு தெரியாமல் விரலால் தேய்த்தாள்.

"யாருக்குடி அது? எங்க அண்ணனுக்கா?"

அவள் திரும்பிக் கட்டையைப் பார்த்தாள். பயப்படவில்லை. அலுத்துக்கொண்டாள்.

"உங்க எல்லாருக்குந்தான். கெட்ட காத்து உள்ளயே நின்னா ஒருத்தனும் தேறமாட்டான், ஜன்னலத் தொறந்து வைன்னு டாக்டர் துரை கத்தினாரு. நீ சாக்கு அடிச்ச. நான் உன் கால்ல விழுந்தேன். என் கண்ணு முன்னாடியே இன்னொரு சாக்கு அடிச்ச. வெளக்கு அணைஞ்சாத்தானேப்பா நீங்க தொறக்கறீங்க."