ஒன்பது முதுகுகள்

கல்யாண இனிப்புப் பெட்டிகள் அத்தனையிலும் மணப்பெண்ணின் பெயர் தப்பாக அச்சாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க ஆபீஸில் இருக்கும் ஒன்பது பேரும் கிளம்பி வந்து, பெண்வீட்டு வாசலில் இடுப்பு ஒடியக் குனிந்து நின்றார்கள்.

“போன்ல கேட்டுப் பேரை எழுதினது யாரு?” என்றார் பெண்ணின் அப்பா.

“நான்தாங்க” என்றாள் முன்வரிசையில் நின்ற சயோகோ.

மேலாளர் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்த மாரெக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போலந்திலிருந்து ஜப்பானுக்கு இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தது, எவளோ செய்த தப்புக்கு முதுகை வளைக்கவா?

ரயில் நிலையத்தில் வெடித்தான்.

“தப்பு உங்களோடது, தலைகுனியறது நாங்களா? எங்க ஊர்ல அவங்கவங்க செஞ்சதுக்கு அவங்கவங்கதான் பதில் சொல்லணும்!”

“மன்னிச்சிடுங்க மாரெக் சான். இனிமே கவனமா இருக்கேன்” என்று சயோகோ அவனுக்கும் குனிந்தாள்.

அதற்குமேல் மேலாளர் குவாபாராவுக்குப் பொறுக்கவில்லை.

“மாரெக், அந்த ஆர்டர் வந்தது போன மாசம், கடைசி வெள்ளிக்கிழமை.”

“அதுக்கென்ன சார்?”

“அன்னிக்குத்தான் சயோகோவோட அப்பாவுக்கு இறுதிச் சடங்கு. நாங்க எல்லாரும் போயிட்டோம். ‘முன்னப்பின்ன தெரியாதவர் சாவுக்கு நான் எதுக்கு?’ன்னு நீ ஒருத்தன்தான் ஆபீஸ்ல இருந்தே.”

மாரெக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சயோகோ இன்னும் நிமிரவில்லை.