அவர்கள் வேகம்

நிலோபர் கையை உயர்த்தினாள். பாட்டு பாதியில் நின்றது.

“ஸ்லோவா இருக்குண்ணா.”

அவன் டிரம் குச்சிகளை மடியில் வைத்தான். மூச்சு வாங்கியது.

அது அவன் எழுதிய பாட்டு.

பெரம்பூரில் ஒரு அச்சகத்தின் பின்னறையில், கல்லூரி முடித்த கையோடு அவனும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து தொடங்கிய பேண்ட் ‘தடியடி’. ஹார்ட்கோர் பங்க், வெறிவேக ராக் இசை. ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம் தாண்டாது. முழுக்கக் கத்தல். இந்த ஊரில் அதைக் கேட்க முப்பது பேர் வந்தாலே அதிகம்.

பாடகன் கனடா போனான். அந்த இடத்துக்கு ஒருவன் வந்தான். கிடார்க்காரன் சண்டை போட்டுக்கொண்டு போனான். அங்கும் ஒருவன் வந்தான். தன் மகள் பிறந்த வருடம், டிரம்ஸ் வாசித்த அவனும் போனான்.

பேண்ட் போகவில்லை.

போன வருடம், தொடங்கியவர்களில் கடைசி ஆளும் விலகினான். இனி அந்தப் பெயரை வைத்துக்கொள்ள இவர்கள் யார் என்று அவனுக்குக் கோபம் வந்தது. இப்போது பாடுகிற நிலோபரின் நம்பரைத் தேடி வாங்கினான். பெயரை மாற்றச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் அவளே கூப்பிட்டாள்.

டிரம்மர் திடீரென்று நின்றுவிட்டானாம். அடுத்த ஞாயிறு ஷோ. பாட்டெல்லாம் தெரிந்த ஆள் நீங்கள்தான் என்றாள்.

பெயர் விஷயத்தை நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திகைக்கு வந்தான்.

“நாங்க வாசிச்சப்ப இதான் வேகம்,” என்றான்.

“தெரியும்ணா. உங்க பழைய ரெக்கார்டிங்கக் கேட்டுத்தான் நான் பாடவே ஆரம்பிச்சேன்.” அவள் குரலில் கிண்டல் இல்லை. “ஆனா நாங்க இப்ப இப்படித்தான் வாசிக்கிறோம்.”

கிடார்க்காரன் டெரன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேண்டைத் தொடங்கியபோது இந்தப் பையன் மூன்றாவது படித்துக்கொண்டிருந்திருப்பான்.

பெயரைப் பற்றிப் பேச இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

“இன்னொரு தடவ போலாம்,” என்றான்.

மறுபடியும் பின்தங்கினான். அதற்கடுத்த முறையும்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் தலையணையில் அடித்தான். டிரம் தோலில் அடித்தால் குச்சி தானே எழும்பும். தலையணையில் எழும்பாது. ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டுதான் தூக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் டேங்க் மேல் விரல்களால் அடித்தான். கை பிடித்துக்கொண்டால் வெந்நீரில் முக்கினான். மீண்டும் தலையணை.

மகள் எட்டிப் பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு போனாள்.

ஞாயிறு மாலை. ராயபுரத்தில் வாடகைக்கு எடுத்த சின்னக் கல்யாண மண்டபம். கூட்டம் வாசல்வரை நின்றது. அவன் காலத்தில் பார்க்காத கூட்டம்.

‘கலையாதே’ கடைசிப் பாட்டு. கடற்கரையில் பழைய நால்வரும் வாசித்ததைப் போலீஸ் கலைத்த மறுநாள் அவன் எழுதியது.

நாலு எண்ணித் தொடங்கினான்.

அவர்கள் வேகம்.

உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது தெரிந்தது. குச்சி வழுக்கியது. இறுக்கிப் பிடித்தான்.

நடுவில் அவன் எழுதாத நாலு வரி வரும். அவன் போன பிறகு வந்து, வந்த மாதிரியே போயும்விட்ட எவனோ சேர்த்தது. ஒத்திகையில் அவனுக்கு அது பிடிக்கவே இல்லை.

நிலோபர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

மண்டபமே அந்த நாலு வரியைக் கத்தியது. அவன் வரிகளுக்கு அவ்வளவு சத்தம் வந்திருக்கவில்லை.

கடைசி வரியில்தான் கவனித்தான், தானும் கத்திக்கொண்டிருப்பதை.

கை விடவில்லை. பாட்டோடு சேர்ந்து முடித்தான்.

டிரம்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கல்லூரிப் பெண் ஒருத்தி மேடையருகே வந்தாள். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது.

“செமயா வாசிச்சீங்கண்ணா. பேண்டுக்குப் புதுசா?”

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த நிலோபர் நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அவன் முந்திக்கொண்டான்.

“ஆமாம்மா,” என்றான். “இந்த வாரந்தான் சேர்ந்தேன்.”