எட்டு மணிக்கு நேர்காணல்

தொலைக்காட்சி நிலைய மாடியிலிருந்து விழுந்து இறந்த அறிவிப்பாளர், ஒரு வருடம் கழித்து அதே அரசுத் தொலைக்காட்சியில் தோன்றி மாலை நிகழ்ச்சி நிரலை வாசித்தாள். ஆறுக்கு விவசாயம், ஏழுக்கு மெல்லிசை, எட்டுக்கு நிலைய இயக்குநருடன் நேர்காணல்.

இயக்குநரோ தன் வீட்டு சோபாவில்தான் இருந்தார். அவர் மனைவி அறிவிப்பாளரின் அக்கா.

“பழைய டேப்பைப் போட்டுத் தொலைச்சிருக்கானுங்க” என்றார்.

விவசாயம் முடிந்தது. மெல்லிசையும் முடிந்தது.

எட்டு மணிக்குத் திரையில் அவரே, போட்டிருந்த அதே பனியனோடு, மைத்துனியின் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, நான் கால் தவறியா விழுந்தேன்?”

“இல்ல. நமக்குள்ள நடந்ததை அக்காகிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டினே. தள்ளிவிட்டேன்.”

“அதை நிறுத்துடி!” என்று சோபாவிலிருந்தவர் அலறினார்.

மனைவி சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். பிறகு எழுந்துபோய், தெருப்பக்க ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.